முப்பதாவது கிலோமீட்டர் காலுக்கு ஷூ வாங்குவது எப்படி?

கடையில் ஷூவுக்குள் நுழைகிற கால் உலர்ந்திருக்கும், ஓய்வாகவும் இருக்கும். முப்பதாவது கிலோமீட்டரில் அதே ஷூவுக்குள் இருக்கிற கால் வீங்கியிருக்கும், வியர்வையில் ஊறியிருக்கும், ஒவ்வோர் இறக்கத்திலும் விரல்கள் முன்பக்கம் போய் முட்டும். நெடுந்தொலைவு ஓட்டத்துக்கான ஷூ இந்த இரண்டாவது காலுக்குப் பொருந்த வேண்டும். நிறம், தள்ளுபடி, நண்பர் போட்டிருக்கும் பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னைச் சாலைகளில் பத்து கிலோமீட்டரோ அரை மாரத்தானோ ஓடிப் பழகியவர், ஜவ்வாது மலையிலோ ஏற்காட்டிலோ நீலகிரியிலோ மண்பாதையில் ஐந்தாறு மணி நேரம் ஓட ஆசைப்படும்போது எதை முதலில் யோசிக்க வேண்டும், எதைப் பின்னால் யோசிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மண்பாதை ஓட்டத்துக்கான டிரெயில் ஷூக்களைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சேறும் பனியும் குளிர்ந்த நீரும் அவர்கள் கவலை. நம் கவலைகள் வெப்பம், வியர்வை, முள், தார்ச்சாலை.

முதலில், எந்தத் தரையில் ஓடப்போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண், எத்தனை பாறை? சென்னைவாசிகளில் பெரும்பாலோருக்குப் பதில் ஒன்றுபோலவே இருக்கும். வார நாட்களில் சாலை அல்லது கடற்கரை நடைபாதை. வார இறுதியில் ஏதாவதோர் ஏரிக்கரை. எப்போதாவது ஒரு மலை. ஏரிக்கரைகூட வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதில்லை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தாரில் ஓடித்தான் அங்கே சேர வேண்டும்.

சோலின் அடியில் இருக்கும் ரப்பர் பற்களின் ஆழத்தை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. இறுகிய மண்ணுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். மண், சரளை, பாறை கலந்த பாதைக்கு 4 முதல் 5. அதற்கு மேல் ஆழமான பற்கள் கொழகொழவென்ற சேற்றுக்கானவை. சலோமான் ஸ்பீட்கிராஸ் போன்ற ஷூக்கள் படத்தில் பார்க்க அழகு, சேற்றில் அருமை. ஆனால் தாரில் அந்தப் பற்கள் வேகமாகத் தேயும், ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் உறுத்தும். முதல் ஷூ வாங்கும் சென்னைக்காரருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை போதுமானது என்பது என் கருத்து. ஏரிக்கரை, மலைச்சாலை, காப்பித் தோட்டப் பாதை எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கும். சதுப்பை ஒட்டிய களிமண்ணில் மழைக்காலத்தில் ஓடுவேன் என்று உறுதியாக இருப்பவர் மட்டும் ஆழமான, இடைவெளி அதிகமுள்ள பற்களைத் தேடட்டும். நெருக்கமான பற்களுக்கிடையே களிமண் அப்பிக்கொண்டால், எவ்வளவு நல்ல சோலாக இருந்தாலும் வழுக்கும்.

நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகியிருக்கின்றன. பயிற்சிக்கு ஏரிக்கரைகளும் கிராமத்து வண்டிப்பாதைகளுமே தாராளம்.

அடுத்து, காலை அளந்துகொள்ளுங்கள்

பலர் பள்ளிக்கூட நாட்களில் வாங்கிய எண்ணையே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வயதோடும் எடையோடும் பாதத்தின் நீளமும் அகலமும் மாறும். மாலையில், முடிந்தால் ஓடி முடித்த பிறகு, ஒரு தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். ஓடும்போது அணியும் காலுறையைப் போட்டுக்கொண்டு, குதிகால் சுவரைத் தொடும்படி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும்படி நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு. அந்த விரல் கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். முன்பாதத்தின் அகலமான இடத்தில் இருபுறமும் கோடு போடுங்கள். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் சேர்த்தால் நெடுந்தொலைவுக்குத் தேவையான உள்ளளவு கிடைக்கும். கைக் கட்டைவிரலின் அகலம் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நம் கடைகளில் புழங்கும் யூகே அளவில் ஓர் எண் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அரை எண் என்றால் நாலேகால். ஐரோப்பிய எண்ணில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே 6.67 மில்லிமீட்டர். அலுவலக ஷூவுக்கு எட்டு போடுபவர் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு எட்டரையோ ஒன்பதோ வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறுவதால், ஷூவின் நாக்கில் (கயிற்றுக்கு அடியில் இருக்கும் துணிப்பட்டை) உள்பக்கம் தைத்திருக்கும் துண்டில் சென்டிமீட்டரில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். நீங்கள் தாளில் எடுத்த அளவோடு ஒப்பிட அதுதான் வசதி.

நீளத்தைவிட அகலம் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்த ஆய்வும் இதையே காட்டியிருக்கிறது. பல ஐரோப்பிய ஷூக்களோ முன்பக்கம் கூம்பி வருபவை. சுண்டுவிரல் ஓரத்தில் துணியைப் புடைத்துக்கொண்டிருந்தால், இருபது கிலோமீட்டருக்குள் அங்கே கொப்புளம் நிச்சயம், சில மாதங்களில் அதே இடத்தில் துணியும் கிழியும். அகலம் போதாத ஷூவை ஓர் எண் பெரிதாக வாங்கிச் சரிக்கட்ட முயலாதீர்கள். அப்படிச் செய்தால் குதிகால் தளர்ந்து வழுகும், ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் பொருந்தாமல் போகும். அதே மாடலில் அகலப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விரல்பகுதி அகன்ற வேறு மாடலுக்குப் போங்கள். ஆல்ட்ரா போன்ற நிறுவனங்கள் பாத வடிவத்திலேயே முன்பக்கத்தை அமைக்கின்றன.

தண்ணீர் உள்ளே வரும், அது வெளியேற வேண்டும்

மார்ச் முதல் செப்டம்பர் வரை சென்னையில் ஒன்றரை மணி நேரம் ஓடிய எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். முழங்காலிலிருந்து வழிந்த வியர்வை காலுறையில் இறங்கி, ஷூவில் தேங்கி, ஒவ்வொரு அடிக்கும் சளப், சளப் என்று கேட்கும். மழை பெய்யவில்லை, ஓடையைக் கடக்கவில்லை, எல்லாம் உடம்பிலிருந்து வந்த தண்ணீர். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சரியாக ஆவியாவதில்லை, கீழே இறங்குகிறது. ஊறிய தோல் மென்மையாகி, உராய்வில் எளிதில் உரியும். நெடுந்தொலைவில் கால் கெடுவதற்கு முதற்காரணம் இந்த ஈரம்தான்.

இதனால்தான், தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூவை வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். கோர்டெக்ஸ் என்ற பெயரைக் கண்டால் அடுத்த அலமாரிக்குப் போய்விடலாம். அந்தச் சவ்வு குளிர்நாட்டுக்கு நல்லது. உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வேண்டுமென்றால் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. கணுக்கால் வழியாக இறங்கும் வியர்வையும் ஓடைத்தண்ணீரும் உள்ளே போய்ச் சேரும், வெளியேற வழி இருக்காது.

கடையிலேயே ஒரு சிறிய சோதனை செய்யலாம். ஷூவுக்குள் கையை விட்டு, வெளியிலிருந்து வலைத்துணியின் மேல் வாயால் ஊதுங்கள். உள்ளங்கையில் காற்று படுகிறதா? விளக்குக்கு எதிரே பிடித்தால் துணியினூடே வெளிச்சம் தெரிகிறதா? பிறகு நாக்கையும் குதிகாலைச் சுற்றியுள்ள மெத்தையையும் அழுத்திப் பாருங்கள். பஞ்சு தடிமனாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெலிதான நாக்கு, குறைவான மெத்தை, விரைவில் உலரும் துணி ஆகியவை நமக்கேற்றவை. ஆனால் வலைக்கண்கள் பெரிதாக இருந்தால் பெசன்ட் நகர்க் கடற்கரை மணல் முழுதும் உள்ளே வந்துவிடும். ஆகவே கண்கள் சிறியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும் துணி தேவை. நாக்கின் இரு ஓரமும் ஷூவின் உட்சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் சரளைக்கல்லும் மணலும் அவ்வழியே நுழையா.

எடையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடும் உழைப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது உடலியல் ஆய்வுகளில் உறுதிப்பட்ட கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எடை உலர்ந்த ஷூவின் எடை. நீண்ட ஓட்டம் முடிந்ததும் ஊறிய ஷூவைச் சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மெத்தை குறைந்த ஷூவின் அருமை அப்போது புரியும்.

காலுறையில் பருத்தி வேண்டாம். பாலியெஸ்டர், நைலான் கலப்பு அல்லது மெரினோ கம்பளிக் கலப்பு எடுங்கள். விரல்களுக்கிடையே கொப்புளம் வருபவர்களுக்கு, ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை கொண்ட காலுறை பெரும் நிம்மதி தரும். ஓடும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள்.

குஷன், டிராப்

டிராப் என்பது குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். பூஜ்யத்திலிருந்து 12 மில்லிமீட்டர் வரை ஷூக்கள் கிடைக்கின்றன. டிராப் குறைந்தால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதிகம் உழைக்கும், கூடினால் முழங்கால் அதிகம் ஏற்கும். எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவில்லை. இப்போது ஓடும் ஷூவில் எவ்வளவு டிராப் என்று பாருங்கள், அதிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் விலகாதீர்கள். பத்து மில்லிமீட்டர் டிராப்பில் ஓடிப் பழகியவர் விரல்பகுதி பிடித்துப்போய்ப் பூஜ்ய டிராப் ஆல்ட்ராவை வாங்கினால், இரண்டு மூன்று மாதங்கள் குறுகிய ஓட்டங்களில் மட்டும் போட்டுக் கெண்டைக்காலைப் பழக்க வேண்டும்.

குஷன் தடிமனாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் உள்ளங்கால் களைப்பு குறையும். ஆனால் கால் தரையிலிருந்து உயரும்போது உருண்டைக்கல்லில் கணுக்கால் பிரளும் வாய்ப்பும் கூடும். மலைப்பாதைக்குப் புதியவருக்கு நடுத்தர உயரமே நல்லது. பெரும்பாலான ஷூக்களில் குஷனாக இருக்கும் ஈவிஏ நுரை வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். ஏசிக் கடையில் அளவாகத் தெரிகிற மென்மை மே மாத வெயிலில் தொளதொளப்பாகிவிடும் என்பதால், கடையில் சற்று இறுக்கமாகத் தோன்றுவதே வெளியில் சரியாக இருக்கும்.

முள்ளும் பாறையும்

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் அரிது. காய்ந்த கிளையிலிருந்து உதிர்ந்த முள் நிமிர்ந்து கிடந்தால் ரப்பர் பற்களுக்கிடையே மெலிந்த இடத்தில் ஏறி, நுரையைத் துளைத்து, உள்ளங்காலைத் தொட்டுவிடும். முதலில் தெரியாது. நுரைக்குள் முறிந்து நின்ற நுனி, அடி ஊன்றும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். ஷூவுக்குள் காலடியில் கிடக்கும் மெல்லிய மெத்தையான இன்சோலை எடுத்துப் பார்த்தால் குண்டூசித் தலையளவு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இடுக்கியால் வெளிப்பக்கமிருந்து இழுத்தெடுக்க வேண்டும்.

ராக் பிளேட் என்று சொல்லப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு சோலுக்கும் நுரைக்கும் நடுவே இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்து சார்னோகைட் பாறை மிகக் கடினமானது. பழைய கல்குவாரிகளை ஒட்டிக் கிடக்கும் உடைகல்லின் முனைகள் கூராகவே இருக்கும். அங்கேயும் இந்தத் தகடு கைகொடுக்கும். தகடு இல்லாத ஷூவென்றால் முன்பாதத்தில் நுரை தடிமனாக இருக்கட்டும். விரல்முனையைச் சுற்றி ரப்பர் காப்பு கட்டாயம் வேண்டும், களைத்த கால் தூக்கி வைப்பதற்குப் பதில் இடறும்.

ஈரப்பாறையில் பற்களின் ஆழம் உதவாது. அங்கே பிடிப்பது ரப்பரின் தன்மை. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்து மீள்கிற ரப்பர் ஈரத்தில் பிடிக்கும், பிளாஸ்டிக் போல் கடினமானது வழுக்கும். விப்ரம் மெகாகிரிப் என்ற ரப்பர் இவ்வகையில் பெயர்பெற்றது. பிடிக்கும் ரப்பர் பொதுவாகச் சீக்கிரம் தேயும் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பாசி படிந்த அருவிப்பாறையில் எந்த ரப்பரையும் நம்பாதீர்கள், மெதுவாக நடந்தே கடந்து போங்கள்.

கடையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்

மாலையில் போங்கள். ஓடும் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் ஷூவின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். கால் ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல. விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு கால்களிலும் போட்டு, கயிற்றை முழுவதும் கட்டி, மாடிப்படியில் இறங்குங்கள். அவசரமில்லாமல், ஆனால் ஒவ்வொரு படியிலும் அழுத்தமாக ஊன்றி இறங்க வேண்டும். விரல்நுனி ஷூவின் முன்சுவரைத் தொட்டால் மலையிறக்கத்தில் நகம் கறுக்கும், பிறகு விழும். ஏறும்போது குதிகால் மேலெழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் ஷூவை ஒதுக்கும் முன், கணுக்காலுக்கு அருகில் கூடுதலாக இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்திப் பாருங்கள். கயிற்றை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பதிந்துவிடும். பாதத்தின் மேற்புறம் இறுகாமலே இது நடக்கும்.

ஷூவை இரு முனையிலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கக் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் உடனே அமுங்கிவிடக் கூடாது. உள்ளே கையை விட்டுத் தையல்களைத் தடவுங்கள், உறுத்தும் முடிச்சு ஒன்றிருந்தாலும் ஐந்து மணி நேரத்தில் அது புண்ணாகும்.

"போகப் போகத் தளரும்" என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு இறுக்கமான ஷூவை வாங்காதீர்கள். தோல் ஷூ தளரும். செயற்கை இழை ஷூ அவ்வளவாகத் தளராது. இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பித்தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கி, வீட்டுத் தரையிலேயே இந்தச் சோதனைகளைச் செய்துமுடிக்க வேண்டும். சோலில் மண் பட்டுவிட்டால் திருப்பிக் கொடுப்பது கடினம்.

விலை ஐந்தாயிரத்துக்குள்ளும் கிடைக்கிறது, பதினைந்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. முதல் ஜோடிக்கு அதிகம் செலவிடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். டெகாத்லான் போன்ற கடைகளின் சொந்தத் தயாரிப்பில் ஒரு வருடம் ஓடினால் உங்கள் காலுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு விலை கூடிய ஷூ வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்ற தெளிவு இருக்கும்.

முதல் மாதமும் மழைக்காலமும்

புதுஷூவை ஐந்து, எட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் என்று பழக்குங்கள். போட்டிக்கு முன் மூன்று மணி நேர ஓட்டம் ஒன்றையாவது அதே ஷூவில், அதே காலுறையில் ஓடியிருக்க வேண்டும். எங்கே உரசுகிறது என்று குறித்துக்கொண்டால் போட்டியன்று அந்த இடத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டலாம்.

ஷூ நீடிப்பது, அதை எப்படி உலர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயிலில் காயவைத்தால் பசை விடும், நுரை கெட்டிப்படும். பூட்டிய காருக்குள் விட்டுவைத்தாலும் இதே கதிதான். ஓடி வந்ததும் இன்சோலை வெளியே எடுங்கள், சேற்றைத் தண்ணீரில் கழுவுங்கள், செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்திருக்கும், மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இப்படிச் செய்தாலும் முழுதாக உலர இரண்டு நாட்கள்கூட ஆகலாம். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வாடை போகவே போகாது. வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் ஓடுபவர்களுக்கு இரண்டு ஜோடிகள் தேவைப்படுவது இதனால்தான். சாலைக்கு ஒரு சாதாரண ஓட்ட ஷூ, மண்ணுக்கு டிரெயில் ஷூ என்று பிரித்துக்கொண்டால் பற்களும் தார் தின்னாமல் பிழைக்கும்.

சுண்டுவிரல் மடிப்பில் துணி கிழிந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் நைலான் நூலில் அழகாகத் தைத்துத் தருவார். உள்பக்கம் முடிச்சு வராமல் தைக்கச் சொல்லுங்கள். சோல் ஓரத்தில் விடத் தொடங்கியிருந்தால் ஒட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், மலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

எப்போது மாற்றுவது?

500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுக்கணக்கு. உடல் எடை, தரை, நுரையின் தரம் இவற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். பற்கள் தேய்வது கண்ணுக்குத் தெரியும், நுரை சாவது தெரியாது. பக்கவாட்டில் நுரையில் ஆழமான சுருக்கங்கள் நிரந்தரமாகிவிட்டனவா, மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஷூ ஒருபக்கம் சாய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வழக்கமான தொலைவுக்கே முழங்காலோ கணைக்காலோ வலிக்கத் தொடங்கினால் ஷூவைச் சந்தேகியுங்கள். வாங்கிய மாதத்தை நாக்கின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தால் கணக்கு மறக்காது.

நானூறு கிலோமீட்டரைத் தாண்டியதும் அடுத்த ஜோடியைத் தேடத் தொடங்குங்கள். அதே மாடல் பிடித்துப்போயிருந்தாலும், பெயருக்குப் பின்னால் வரும் எண் மாறியிருந்தால் அது வேறு ஷூ என்றே கொள்ளுங்கள். புதிய பதிப்பில் நிறுவனங்கள் விரல்பகுதியைக் குறுக்கியிருக்கலாம், நுரையையோ டிராப்பையோ மாற்றியிருக்கலாம். மறுபடியும் மாலையில் போய், இன்சோலை வெளியே எடுத்து, அதன்மேல் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.